மிக்-21 கடிகாரம் மறுபடி ஓடியது

1963 முதல் 2025 வரை நம் விமானப்படையில் பறந்த மிக்-21 விமானத்தின் காக்பிட் கடிகாரம் ஒன்று கிடைத்தது. சோவியத் தயாரிப்பு, மாடல் ஏசிஎச்எஸ்-1. முழுச் சாவி கொடுத்தாலும் சற்று நேரத்தில் நின்றுவிடும்.

திறப்பதற்கு முன், கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவியால் சோதித்தேன். பழைய முள்களில், இருட்டில் ஒளிர்வதற்காகக் கதிரியக்க ரேடியம் பூச்சு இருக்கலாம். அந்தத் தூள் மூச்சில் போகவே கூடாது. இதில் இல்லை. அப்புறம்தான் மூடியைக் கழற்றினேன். பல்சக்கரங்களின் அச்சு முனைகளில் எண்ணெய் பிசினாகி, பழுப்பாக ஒட்டியிருந்தது. பழகிய கடிகாரக்காரர் சொல்லித்தர, பிரித்துக் கழுவி, முனைக்கு முனை ஊசி நுனியளவு புது எண்ணெய் விட்டேன். ஓடத் தொடங்கிவிட்டது!

மேலே பறக்கும்போது குளிரில் எண்ணெய் இறுகாமலிருக்க உள்ளே 27 வோல்ட் ஹீட்டர் உண்டு. மேசையில் அதற்கு வேலையில்லை. ஆனாலும் அதற்கான பின்பக்க மின் இணைப்பை வெட்டவில்லை, வெட்டவும் கூடாது. தேக்குக் கட்டையில் வட்டமாகத் துளைபோட்டுப் பொருத்தியாயிற்று. கீழே உள்ள சிறு வட்டம் ஸ்டாப்வாட்ச், அதுவும் சரியாக ஓடுகிறது.