இரண்டு மஞ்சள் மாத்திரைகள்: முடக்குவாத மருந்துகளில் நடக்கும் தவறுகள்

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில்தான் எங்கள் மருந்தகம். ஒருநாள் ஓர் அம்மா வந்து வாய்ப்புண்ணுக்குக் களிம்பு கேட்டார். "வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்றேன். "மூட்டெல்லாம் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்கு இரண்டு மாத்திரை, தம்பி. இரண்டும் சின்னதாக, மஞ்சளாக இருக்கும்."

கைப்பையைத் திறந்து உறைகளை மேசையில் வைத்தார். முடக்குவாத மருந்தான மெதோட்ரெக்சேட் உறையில் 'செகாலி செமிங்கு', அதாவது வாரம் ஒருமுறை. ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் உறையில் 'செகாலி செஹாரி', தினம் ஒருமுறை. அம்மாவுக்கு மலாய் படிக்க வராது. இரண்டையும் மாற்றிக்கொண்டு, பத்து நாளாக மெதோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கியிருக்கிறார். களிம்பு கொடுக்கவில்லை, மகனை வரவழைத்து அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன்.

வேகமாகப் பெருகும் செல்களைத் தடுக்கும் மருந்து அது. அளவு மீறினால் வாயின் உட்தோலும், ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும்தான் முதலில் அடிவாங்கும். வாய்ப்புண், காய்ச்சல், தோலில் காரணமில்லாத ரத்தக்கட்டு எல்லாம் எச்சரிக்கை. தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். 'ஞாயிறு மட்டும்' என்று உறையில் தமிழில் எழுத அரை நிமிடம் போதும். அது எங்கள் வேலை. எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

சிறுநீர்த் தொற்று என்று அக்கம்பக்கத்துக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் முடக்குவாதத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. 'அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்ற நினைப்புதான். அங்கே கொடுக்கக்கூடிய கோ-டிரைமோக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மெதோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் சில நாட்களிலேயே ரத்த அணுக்கள் சரிந்துவிடலாம்.

அடுத்தது ஜாமு என்ற பாரம்பரிய மூலிகை மருந்து. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று யாராவது புகழ்ந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை ரகசியமாகக் கலந்த பொட்டலங்கள் மலேசியாவில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. முகம் உப்பும், சர்க்கரை ஏறும். பயந்துபோய் சட்டென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து, ஏனென்றால் உடல் தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்திருக்கும். டாக்டர் எழுதிய பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டையும் இப்படிச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அரசிடம் பதிவான பொருளில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். இருந்தாலும் பொட்டலத்தை எங்களிடம் ஒருமுறை காட்டுங்கள், திட்டமாட்டோம்.

முடக்குவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பார்வை நன்றாக இருக்கிறதே என்று கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். விழித்திரைப் பாதிப்பு ஆரம்பத்தில் தெரியாது.

கடைசியாக, முடக்குவாதத்துக்குப் போடும் அடாலிமுமாப் போன்ற ஊசிகள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் நடுத்தட்டே நல்ல இடம். எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து படகில் வருகிறவர்கள் ஊசியை ஐஸ் கட்டியின்மேல் நேராக வைத்துவிடுகிறார்கள். இடையில் ஒரு துணியைச் சுற்றுங்கள். உறைந்து உருகிய ஊசி பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கும். அதைப் போட்டுக்கொள்ளாமல் எங்களிடம் கொண்டுவாருங்கள்.