புதுப்பித்த பழைய வீடு: மன்ஹாட்டனில் கோட்டை விடும் இடங்கள்

நியூயார்க்கில் வீடு தேடுகிறவர்கள் 'ப்ரீவார்' என்ற சொல்லை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டு விடுவார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, ஏறக்குறைய 1900க்கும் 1940க்கும் இடையில் எழுந்த கட்டடம் என்று பொருள். மன்ஹாட்டனின் அப்பர் வெஸ்ட் சைடில் நடந்தால் இவைதான் கண்ணை நிறைக்கும். 1904ல் திறந்த அன்சோனியா, 1930ல் எழுந்த சான் ரெமோவின் இரட்டைக் கோபுரங்கள் எல்லாம் இந்த வகைதான். அங்கே நமக்கு இடம் கிடைக்காது, சரி. பக்கத்துத் தெருவில் அதே காலத்துக் கட்டடம் ஒன்றில் ஒரு படுக்கையறை வீடு கிடைக்கலாம். விளம்பரத்தில் 'முழுக்கப் புதுப்பிக்கப்பட்டது' என்று போட்டிருப்பார்கள்.

அந்தச் சொல்லை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு. எதைப் புதுப்பித்தார்கள்? பெரும்பாலும் சமையலறை மேடை, குளியலறை டைல்ஸ், மரத்தரைக்குப் பாலிஷ், சுவருக்குப் புது வெள்ளை. கல்யாணத்துக்கு அவசரமாகச் சுண்ணாம்பு அடித்த வீடு மாதிரி. சுவருக்குள் ஓடும் குழாயும் கம்பியும் தாத்தா காலத்தவையாகவே இருக்கலாம்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது பளபளக்கும் மேடையைத் தடவிக்கொண்டு நிற்காமல், மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். எத்தனை சர்க்யூட், எது எந்த அறைக்கு என்று கேளுங்கள். இந்தக் கட்டடங்கள் எழுந்த காலத்தில் ஒரு வீட்டின் மின்தேவை சில விளக்குகளும் ஒரு ரேடியோவும்தான். இவற்றில் மத்திய ஏசி இருப்பது அபூர்வம், ஜன்னல் ஏசிதான் கதி. நான் இருந்த வீட்டில் ஏசியும் மைக்ரோவேவும் ஒரே லைனில். ஜூலை மாதம் சாதம் சூடு பண்ணினால் வீடு இருட்டு. வீட்டுக்காரரிடம் புகார் சொன்னால், "ஒவ்வொன்றாகப் போடுங்களேன்" என்றார். என் பழக்கத்தைத்தான் புதுப்பித்தார். அப்புறம், அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கி வெளியே போகிறதா, இல்லை காற்றை வடிகட்டித் திரும்ப உங்கள் முகத்திலேயே விடுகிறதா என்றும் பாருங்கள். தாளிக்கிற குடும்பம் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க நீராவி ரேடியேட்டர், சுவரோரம் நிற்கும் இரும்புச் சாதனம். கோடையில் வீடு பார்ப்பவர்கள் இதை ஒரு பழங்கால அலங்காரம் போலப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். ஒற்றைக் குழாய் அமைப்பில் ஒரே குழாய் வழியாகத்தான் நீராவி மேலே வருகிறது, குளிர்ந்த தண்ணீரும் அதே வழியாகத்தான் கீழே இறங்குகிறது. சூடு அதிகம் என்று வால்வைப் பாதி மூடினால் இரண்டும் மோதிக்கொண்டு, நள்ளிரவில் யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் கேட்கும், தரையில் தண்ணீரும் கசியும். வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும். ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் இங்கே ஏராளம். 1918 ஃப்ளூவுக்குப் பிறகு, ஜன்னல் திறந்திருந்தாலும் அறை சூடாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பெரிய பாய்லர்களை வைத்தார்கள் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். சூடு குறைவு என்றால் சட்டம் உங்கள் பக்கம். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும். இரவில் வெளியே எப்படி இருந்தாலும் 62.

குழந்தை இருந்தால் பெயின்ட் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். வீடுகளுக்கு ஈயம் கலந்த பெயின்டை நியூயார்க் நகரம் 1960ல் தடை செய்தது. ப்ரீவார் வீடு என்றாலே அதற்கு முந்தையது, ஆகவே புது வெள்ளைக்கு அடியில் பழைய ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உரியாத வரை பெரிய தொல்லை இல்லை. ஜன்னல் சட்டம் உரசும் இடத்திலும், அரைகுறையாகச் செய்த ரெனவேஷன் தூசியிலும்தான் ஆபத்து. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டை உரிமையாளர் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், எனவே லீஸோடு வரும் படிவத்தில் குழந்தை இருப்பதைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதினால் வீடு கிடைக்காதோ என்று பயந்து மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை இருப்பதற்காக வீடு மறுப்பதுதான் அங்கே குற்றம்.

எல்லாவற்றையும் விடப் பணத்தைக் கடிக்கும் தவறு வேறு. நல்ல பேட்டை, புதுச் சமையலறை, ஆகவே வாடகை இவ்வளவு இருக்கத்தான் செய்யும் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வது. 1974க்கு முன் கட்டிய, ஆறு வீடுகளுக்குக் குறையாத கட்டடம் என்றால் அது வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் வரக்கூடும். வந்தால் ஆண்டு உயர்வுக்கு நகரத்தின் வாரியம் உச்சவரம்பு வைக்கும், லீஸைப் புதுப்பித்துக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. 'ரெனவேஷன்' என்ற சொல்லின் இன்னொரு முகம் இங்கேதான் தெரியும். 2019க்கு முன்பு, 35 வீடுகளுக்கு மேல் உள்ள கட்டடத்தில் புதுப்பித்த செலவில் அறுபதில் ஒரு பங்கை மாத வாடகையில் நிரந்தரமாக ஏற்றலாம். 60,000 டாலர் செலவு என்று காட்டினால் மாதம் 1,000 டாலர் கூடும். வாடகை ஒரு வரம்பைத் தாண்டி, வீடு காலியாகவும் இருந்தால் கட்டுப்பாட்டிலிருந்தே வெளியேறிவிடும். கிரானைட் மேடைகள் ஏன் அவ்வளவு வேகமாக முளைத்தன என்று இப்போது புரிந்திருக்கும். 2019 சட்டம் அந்தக் கதவை மூடியது. ஆனால் அதற்கு முன் வெளியேறிய வீடுகள் எல்லாம் ஒழுங்காகத்தான் வெளியேறின என்று சொல்ல முடியாது. குடியேறியதும் மாநில வீட்டுவசதித் துறையிடம் உங்கள் வீட்டின் வாடகை வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள், செலவில்லை. ஓராண்டில் வாடகை திடீரென்று இரட்டிப்பாகியிருந்தால் வக்கீலிடம் காட்ட வேண்டிய காகிதம் அது.

முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. விண்ணப்பத்தின் பின்னணிச் சோதனைக்கு 20 டாலருக்கு மேல் கொடுக்காதீர்கள். 2025 ஜூன் 11 முதல், புரோக்கரை யார் அமர்த்தினார்களோ அவர்தான் அவருக்குக் கூலி தர வேண்டும். வீட்டுக்காரரின் புரோக்கர் உங்களிடம் கை நீட்டினால் கொடுக்க வேண்டியதில்லை.

ஜன்னலுக்கு வெளியேயும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். 1979ல் பிராட்வேயில் ஒரு கட்டடத்தின் முகப்பிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு பட்டு ஒரு கல்லூரி மாணவி இறந்தார். அதன் பிறகு வந்த சட்டப்படி, ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முகப்பைச் சோதிக்க வேண்டும். நல்ல சட்டம்தான், ஆனால் அதற்காகக் கட்டும் சாரமும் நடைபாதைக் கொட்டகையும் ஆண்டுக்கணக்கில் நிற்பதுண்டு. மூன்றாம் மாடி வரை வெளிச்சம் போச்சு. அடுத்த சோதனை எப்போது என்று காவலாளியைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

வாங்குவது என்றால் அது தனிக் கதை. விற்பனைக்கு வரும் ப்ரீவார் வீடுகள் பெரும்பாலும் கூட்டுறவு முறையில் இருப்பதால், நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல, சங்கத்தின் பங்குகளை. வாங்கியபின் இடித்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கீழ்வீட்டுக்காரரின் படுக்கையறைக்கு மேலே உங்கள் குளியலறையை நகர்த்தப் பெரும்பாலான சங்கங்கள் விடாது. துணி துவைக்கும் இயந்திரத்துக்கே தடை உள்ள கட்டடங்கள் உண்டு.

கடைசியாக, ஒரு அளவு நாடா எடுத்துப் போங்கள். அறையை அளக்க இல்லை, லிஃப்டையும் நடைவழித் திருப்பத்தையும் அளக்க. சோபாவை அறுத்து உள்ளே கொண்டுபோய் மறுபடி ஒட்டித் தருவதையே தொழிலாக வைத்திருக்கும் ஆட்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.