பிள்ளையை மருத்துவ ஆய்வில் சேர்க்கக் கேட்டால்: சித்தூர், நகரிப் பக்கத்துப் பெற்றோருக்கு

நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்றால் வேலூருக்கோ திருப்பதிக்கோ பேருந்து ஏறுகின்றன. பெரிய மருத்துவமனைகளில் சிகிச்சையோடு ஆய்வும் நடப்பதால், "உங்கள் குழந்தையை ஓர் ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று ஒரு நாள் உங்களையும் கேட்கக்கூடும்.

அப்படிக் கேட்டால், இது சிகிச்சையா, ஆய்வா என்பதை முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வு என்றால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மறுத்தாலும், பாதியில் விலகினாலும், பிள்ளைக்குரிய வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது.

அடுத்தது மொழி. நம் பகுதியில் இதில்தான் அதிகம் கவனம் வேண்டும். தாய்க்குத் தமிழ் மட்டும் படிக்கத் தெரியும். பிள்ளை பள்ளியில் தெலுங்கு படிக்கிறது. கையில் தரப்படும் தாளோ ஆங்கிலத்தில் இருக்கிறது. தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே உங்களுக்குத் தமிழ்ப் படிவமும் பிள்ளைக்குத் தெலுங்குப் படிவமும் கேட்பதில் தயக்கமே வேண்டாம். படிக்கத் தெரியாதவரானால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் முழுவதையும் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று பெரியவர்களோடு பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்வதிலும் தவறில்லை.

பிள்ளையின் சம்மதமும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகளின்படி, 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவும், அதன்பின் 18 வயது வரை எழுத்து இசைவும் பெற வேண்டும். பிள்ளை தலையை ஆட்டிவிட்டாலே சம்மதம் ஆகிவிடாது. எத்தனை முறை ஊசி குத்துவார்கள் என்பதை அதற்குப் புரியும்படி நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 2009 இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட திட்டம் 2010 இல் நிறுத்தப்பட்டது. பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அதற்காக ஆய்வு என்றாலே அஞ்சி ஒதுங்கவும் வேண்டாம். டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்றிடங்களில் 6,799 கைக்குழந்தைகள் பங்கேற்ற ஆய்வால்தான் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு இந்தியாவிலேயே உருவான சொட்டு மருந்தின் பயன் உறுதியானது. 2016 இல் அரசின் திட்டத்தில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து சேர்ந்தபோது முதலில் பெற்ற நான்கு மாநிலங்களுள் ஆந்திரமும் ஒன்று. அந்த ஆய்வில் குழந்தைகளைச் சேர்த்த பெற்றோரின் சம்மதம் நம் பிள்ளைகளுக்கும் பயன்பட்டிருக்கிறது.

கையெழுத்திடும் முன், எத்தனை மில்லி இரத்தம் எடுப்பார்கள் (5 மில்லி என்பது ஒரு தேக்கரண்டி அளவு), ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத போலி மருந்து தருவார்களா, பேருந்துச் செலவு யாருடையது, ஆய்வால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள் என்று கேளுங்கள். மருந்துச் சோதனையானால் 2007 இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் அந்தப் பதிவை எவரும் பார்க்கலாம்.

கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்களுக்கு உரியது. அதில் ஆய்வு முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கிறதா என்று பார்த்து, பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.