கரைசல் கெடுவது எதனால்? வைட்டமின் சி கொண்டு அளந்து பார்க்கும் முறை

தூளாக இருக்கும்போது நெடுநாள் தாங்கும் வைட்டமின் சி, நீரில் கரைந்ததும் ஆக்சிஜனேற்றம் அடைந்து விரைவில் வலுவிழக்கக்கூடும். வெப்பம், ஒளி, காற்று ஆகியவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்பதை அயோடின் தரம்பார்த்தல் (கரைசலிலுள்ள வைட்டமின் முழுவதும் வினைபுரிந்து தீர எவ்வளவு அயோடின் கரைசல் செலவாகிறது என அளத்தல்) மூலம் நீங்களே கண்டறியலாம்.

முதலில், 1 கிராம் அஸ்கார்பிக் அமிலத்தை (வைட்டமின் சி-யின் வேதிப்பெயர்) வாலைவடிநீரில் கரைத்து, திட்டக்குடுவையில் சரியாக 1 லிட்டராக்குங்கள். குழாய்நீர் கூடாது; அதிலிருக்கக்கூடிய செம்பு, இரும்பு அயனிகள் மிகச் சிறிதளவே ஆனாலும் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தும்.

அடுத்து, ஒரே வகையான 60 மி.லி. நிறமற்ற கண்ணாடிப் பாட்டில்கள் பன்னிரண்டை, மும்மூன்றாக நான்கு தொகுதிகளாகப் பிரியுங்கள். முதல் தொகுதியை விளிம்புவரை நிரப்பி மூடி, அலுமினியத் தாள் சுற்றி, அறை வெப்பநிலையில் வையுங்கள். இதுவே அடிப்படைத் தொகுதி. மற்றவை இதிலிருந்து ஒரே ஒரு வகையில் மட்டும் வேறுபட வேண்டும். இரண்டாவது, குளிர்பதனப் பெட்டியில் இருக்கும். மூன்றாவது, தாள் சுற்றாமல் வெளிச்சத்தில் இருக்கும் (நேரடி வெயில் கரைசலைச் சூடாக்கிவிடும் என்பதால் அதைத் தவிருங்கள்). நான்காவது, பாதி மட்டுமே நிரப்பப்பட்டிருக்கும்.

இந்த நான்காவது தொகுதியைத் தொடக்கநிலையினர் பலர் பொருட்படுத்துவதில்லை. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 8 மி.கி. தான். ஆகவே நிரம்பிய பாட்டிலில் 60 மி.கி. வைட்டமினுக்கு அரை மி.கி. ஆக்சிஜனே இருக்கிறது. பாதி நிரம்பியதிலோ, மேலே நிற்கும் 30 மி.லி. காற்றிலேயே சுமார் 8 மி.கி. ஆக்சிஜன் உண்டு, கீழேயுள்ள 30 மி.கி. வைட்டமின் முழுவதையும் ஆக்சிஜனேற்ற அது போதும்.

1, 3, 7 ஆம் நாட்களில் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு பாட்டிலைத் திறந்து அளவிடுங்கள். திறந்ததும் காற்று புகுந்துவிடுவதால், அதே பாட்டிலை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். குளிர்ந்த பாட்டில் மூடியபடியே அறை வெப்பநிலைக்கு வரட்டும். பின்னர் 10 மி.லி. கரைசலைப் பிப்பெட்டால் கூம்புக்குடுவைக்கு மாற்றி, சில துளி ஸ்டார்ச் கரைசல் சேர்த்து, பொட்டாசியம் அயோடைடு கலந்து தயாரித்த 0.005 மோலார் அயோடின் கரைசலை, நீலநிறம் மறையாமல் நிலைக்கும்வரை பியூரெட்டிலிருந்து சொட்டவிடுங்கள். புதிய கரைசலுக்கு ஏறத்தாழ 11.4 மி.லி. தேவைப்படும். ஒவ்வொன்றையும் இருமுறை செய்து சராசரி காணுங்கள்.

அயோடின் கரைசலும் ஆவியாதலால் நாளடைவில் வலுவிழக்கும். எனவே அளவிடும் ஒவ்வொரு நாளும் அதே செறிவில் புதிய வைட்டமின் கரைசல் தயாரித்து, அதையும் தரம்பார்ப்பது இன்றியமையாதது. புதியதற்கு 11.2 மி.லி., சேமித்ததற்கு 8.4 மி.லி. செலவானால், எஞ்சியது 75 சதவீதம்.

ஒவ்வொரு முடிவையும் அடிப்படைத் தொகுதியோடு மட்டுமே ஒப்பிடுங்கள். வெளிச்சத்தில் இருந்ததைக் குளிரில் இருந்ததோடு ஒப்பிட்டால், வேறுபாட்டில் ஒளியின் பங்கையும் வெப்பத்தின் பங்கையும் பிரித்தறிய முடியாது.