லேசர் வெட்டித்தான் கொடுக்கும்

பூ விழுந்த கண்ணுக்குக் கருவிழி மாற்ற வேண்டும் என்றதுமே, "லேசர்ல பண்ணிடலாமா டாக்டர்? தையல் இருக்காதுல்ல?" என்கிறார்கள். இருக்கும். இதற்குப் பயன்படும், மிக மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளால் இயங்கும் ஃபெம்டோசெகண்ட் லேசரின் வேலை வெட்டுவது மட்டும்தான். தானம் வந்த கருவிழியையும் நோயாளியின் கருவிழியையும் ஒரே வடிவில், தச்சர் பலகைகளைக் கொளுவுவது போல, படிக்கட்டு போலவோ ஸிக்-ஜாக் கோடாகவோ அது வெட்டித் தரும். ஒட்டும் பரப்பு கூடுவதால் காயம் உறுதியாக ஆறும், தையலையும் சற்று முன்பே பிரிக்கலாம். ஆனால் தலைமுடியை விட மெல்லிய நைலான் நூலால் தைப்பது மருத்துவரின் கைதான். கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசிக் வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கத்தியால் வெட்டுவதைப் 'பழைய முறை' என்று ஒதுக்குவதும் தவறு. தழும்பு தடித்திருந்தால் லேசர் ஒளி அதை ஊடுருவத் திணறும். கருவிழிப் புண் ஆறிய இடத்தில் தழும்பு விழும் அத்தகைய கண்கள் நம் பக்கம் நிறைய. மதுரை மாவட்டத்தில் 1993-இல் லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. நெல் தாளோ உமியோ பட்டு, பூஞ்சை புகுந்து வருவது அதில் கணிசம். நாளாக நாளாகப் பார்வையில் இரு முறைக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. லேசருக்காகவே வட்டிக்குக் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உண்மையில் கண்ணைக் கெடுப்பது சொட்டு மருந்து விஷயத்தில் செய்யும் தவறுகள். மாற்றிய கருவிழியை உடல் நிராகரிக்காமல் காப்பது ஸ்டீராய்டு சொட்டு. 'நல்லாத் தெரியுதே' என்று அதைத் தானாக நிறுத்துகிறார்கள். பல ஆண்டுகள் கழித்தும் நிராகரிப்பு வரலாம். அதைவிட மோசம், மீந்த பாட்டிலை வயலில் கண் அடிபட்டு வந்த தம்பிக்கு ஊற்றுவது. பூஞ்சைப் புண்ணில் அதே ஸ்டீராய்டு நோயை வளர்த்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டிலும் இந்த ஆபத்து உண்டு. தாய்ப்பால், விளக்கெண்ணெய் பக்கமே போக வேண்டாம்.

கருவிழி மாற்றிய கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சித்திரைத் திருவிழா முடியட்டும் என்று இருந்துவிடக் கூடாது. மணல் உறுத்துவது போலிருந்தால் தேய்க்காதீர்கள். தையல் தளர்ந்திருக்கலாம், அதன் வழியே கிருமி புகும்.