சாப்பிட்டதும் பூனை கக்கினால்

களியக்காவிளைச் சந்தையில் சாளை மீன் மலிவாகக் கிடைக்கும் நாள்களில் எங்கள் தெருப் பூனைகளுக்கும் விருந்துதான். மறுநாள் யாராவது என்னிடம், "தின்றதையெல்லாம் பூனை கக்கிவிட்டது, என்ன மருந்து கொடுக்கலாம்?" என்று கேட்பார்கள். மருந்து இருக்கட்டும். கக்கியதை உடனே கழுவிவிடாமல் உற்றுப் பாருங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.

தின்ற சில நிமிடங்களில், வயிறு எக்காமல், செரிக்காத தீனி உருளையாக வந்து விழுந்தால் அது எதுக்களிப்பு. பெரும்பாலும் அவசரமாக விழுங்கியதால் வருவது. அடிக்கடி வந்தால் உணவுக்குழாயைச் சோதிக்க வேண்டும். வயிறு குலுங்க ஓங்கரித்து, மஞ்சள் நீரோ நுரையோ சேர்ந்து வந்தால் அது வாந்தி. அதற்குக் காரணம் குடற்புழுவாகவும் இருக்கலாம், சிறுநீரகக் கோளாறாகவும் இருக்கலாம்.

அவசரத் தீனிக்குப் பழைய இட்லித் தட்டைப் போல உதவும் பாத்திரம் வேறில்லை. குழிக்குக் கொஞ்சமாகப் பரப்பி வைத்தால் பூனை ஒவ்வொன்றாக நக்கித்தான் தின்ன முடியும். என் வீட்டுக் கறுப்பன் தன் தாய் அருகில் இருந்தால் மெல்லாமலே விழுங்குவான். இருவருக்கும் வேறு வேறு அறையில் வைக்கிறேன். ஒரே வேளையாகக் குவிக்காமல் நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் நீக்கிக் கொடுங்கள். மீன்குழம்பு ஊற்றிய சோறு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உள்ளியும் (வெங்காயமும்) பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது. தீனியை மாற்றுவதென்றால் பழையதோடு புதியதைக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். முடி உருண்டையாக வந்தால் தினமும் சீவிவிடுங்கள்.

நான் மிகவும் அஞ்சுவது நூலுக்குத்தான். பூக்கட்டும் நூல், தூண்டில் நரம்பு இரண்டுமே நம் வீடுகளில் கிடக்கின்றன. பூனை விழுங்கிய நூல் நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டு குடலை அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள். அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பாறசாலையோ மார்த்தாண்டமோ, எது அருகிலோ அங்கே.

ஒரே நாளில் பலமுறை வாந்தி, அதில் இரத்தம், குடித்த தண்ணீரும் தங்காமை, ஈறு மஞ்சளாதல், ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமை: இவற்றில் எதற்கும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. தடுப்பூசி போடாத குட்டி சோர்ந்து கிடந்து வாந்தியெடுத்தால் அது உயிரைப் பறிக்கும் பூனைக் குடல் நச்சுயிரித் தொற்றாக இருக்கலாம். வீட்டிலுள்ள பாராசிட்டமாலை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள்; ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

ஒருமுறை கக்கிவிட்டுத் தெளிவாகத் திரிகிற வளர்ந்த பூனைக்குச் சில மணி நேரம் தீனியை நிறுத்தித் தண்ணீரைச் சிறிது சிறிதாக வையுங்கள். பிறகு தோலில்லாத வேகவைத்த கோழி கொஞ்சம். ஒரு நாள் முழுவதும் பட்டினி போடாதீர்கள். தின்னாமல் கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேரும்.

வயதான பூனையை மாதம் ஒருமுறை எடை போடுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, உங்கள் எடையைக் கழித்தால் போதும். நன்றாகத் தின்றும் மெலிந்து, இடையிடையே கக்கினால் தைராய்டுக்கும் சேர்த்து இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.