கருப்பை வாய்த் திசுத் துண்டைப் பரிசோதிக்கும் முறை

கருப்பை வாயிலிருந்து எடுக்கப்படும் பயாப்ஸி பெரும்பாலும் ஓர் அரிசி மணி அளவே இருக்கும். இவ்வளவு சிறிய துண்டில், அதை மெழுகில் எப்படி நிறுத்துகிறோம் என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

மாதிரி வந்தவுடன் பெயரையும் பதிவு எண்ணையும் படிவத்தோடு ஒப்பிட வேண்டும். மூடிகள் இடம் மாறக்கூடும் என்பதால், டப்பாவின் உடலில் ஒட்டிய சீட்டையே நம்ப வேண்டும். 10% நடுநிலை ஃபார்மலின், திசுவின் கொள்ளளவைப் போல் பத்து மடங்காவது இருப்பது நல்லது. துண்டுகளை எண்ணி, மில்லிமீட்டரில் அளந்து எழுத வேண்டும். உடன் வரும் சளியை எறிந்துவிடக் கூடாது. அதற்குள் எபிதீலியத் (மேற்படலத்) துணுக்குகள் சிக்கியிருக்கலாம். எல்லாவற்றையும் வடிதாளில் பொதிந்து கேசட்டில் (துளைகளுள்ள சிறு பெட்டியில்) இட்டு, ஈயோசின் என்னும் சிவப்புச் சாயம் ஒரு துளி விட்டால், மெழுகில் பதிக்கும்போது துண்டு கண்ணுக்குத் தப்பாது. கூம்பு வடிவில் வெட்டி எடுத்த திசுவானால், 12 மணி நிலையைக் காட்டும் தையலைக் கண்டறிந்து, ஓரங்களுக்கு மை பூசிய பிறகே கத்தி வைக்க வேண்டும்.

பதிக்கும் கட்டத்தில் அவசரப்படலாகாது. எபிதீலியம் பளபளப்பான வெண்மையாகவும், அடியிலுள்ள திசு சற்று மங்கலாகவும் தெரியும். அந்தப் படலம் வெட்டும் தளத்திற்குச் செங்குத்தாக அமையும்படி, துண்டை விளிம்பில் நிறுத்த வேண்டும். படுக்க வைத்துவிட்டால் படலம் சாய்வாக வெட்டுப்பட்டு, அடி அடுக்குச் செல்கள் மேல்வரை நிரம்பியது போலத் தோன்றும். இல்லாத உயர்தர மாற்றத்தை (புற்றுநோய்க்கு முந்தைய தீவிர செல் மாற்றத்தை) இருப்பதாகக் கருத இதுவே போதும். பிறகு 3 முதல் 4 மைக்ரான் தடிமனில், பல ஆழங்களில் சீவி, ஹெமடாக்சிலின்–ஈயோசின் சாயமிட வேண்டும்.

மைக்ரோஸ்கோப்பில் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில், செதிள் படலமும் சுரப்பிப் படலமும் சந்திக்கும் உருமாற்றப் பகுதியைத் தேட வேண்டும். பிறழ்ந்த செல்கள் படலத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் சி.ஐ.என். (புற்றுநோய்க்கு முந்தைய படல மாற்றம்) நிலை 1, மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறினால் 2, அதற்கும் மேலே சென்றால் 3. மாதவிடாய் நின்றவர்களின் மெலிந்த படலமும் முதிராத மெட்டாபிளாசியாவும் (சுரப்பிப் படலம் செதிள் படலமாக மாறும் நிலையும்) உயர்தர மாற்றத்தைப் போலவே நடிக்கும் என்பதால், ஐயம் எழுந்தால் பி16 என்னும் புரதத்தைக் காட்டும் சாயம் கேட்கலாம். அடி அடுக்கிலிருந்து தொடர்ச்சியாக, அடர்த்தியாக ஏறும் நிறமே பொருட்படுத்தத் தக்கது, திட்டுத்திட்டான நிறம் அன்று. அடித்தளச் சவ்வைக் கடந்த செல்கூட்டம் தென்பட்டால், ஊடுருவலின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்து குறிப்பிட வேண்டும்.

அறிக்கையில் உருமாற்றப் பகுதி இருந்ததா என்பதையும், கூம்புத் திசுவில் ஓரங்களின் நிலையையும் எழுத வேண்டும். மின்கம்பியால் வெட்டிய திசுவில் ஓரம் கருகியிருந்தால், மதிப்பிட இயலவில்லை என்றே பதிய வேண்டும். பாப் ஸ்மியரில் (கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த செல்களின் சோதனையில்) உயர்தர மாற்றம் கண்டு, பயாப்ஸியில் ஒன்றும் இல்லையெனில், கையெழுத்திடும் முன் அதே பிளாக்கை (திசு பதித்த மெழுகுக் கட்டியை) இன்னும் ஆழமாகச் சீவிப் பார்க்க வேண்டும்.